அவர் தமிழ் படிக்க மாட்டார்

கால்பந்து பற்றி எழுதித்தான் என் பிழைப்பு நடந்தது. இத்தனை காலத்தில் இந்திய அணிக்கு வந்துபோன வெளிநாட்டுப் பயிற்சியாளர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். அதில் பெரும்பகுதி நேர்மையில்லாத எழுத்து. பொய்த் தகவல் எதுவும் கிடையாது. கோல் கணக்கும் தேதியும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த மனிதர்கள் செய்த வேலையைப் பற்றி எனக்கென்று ஒரு கருத்து இருந்ததே இல்லை. ஸ்கோர் என்ன சொன்னதோ அதையே என் கருத்தாக எழுதிக் கொடுத்தேன். ஜெயித்தால் அவரைப் போல உண்டா என்றேன். தோற்றால் பெட்டியைக் கட்டச் சொன்னேன். அதிகாரத்தோடு எழுதினேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நான் அதிகம் அநியாயம் செய்தது ஸ்டீபன் கான்ஸ்டன்டைனுக்கு.

அவர் லண்டனில் பிறந்தவர். அமெரிக்காவில் பென்சில்வேனியா ஸ்டோனர்ஸ் போன்ற சின்ன கிளப்புகளில் தொழில்முறையாக ஆடியவர். முழங்கால் காயம் இருபதுகளிலேயே ஆட்டத்தை முடித்துவைத்தது. அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி கொடுத்தே வாழ்க்கையை ஓட்டியிருக்கிறார். 1999-இல் நேபாளம், 2002 முதல் 2005 வரை இந்தியா, பிறகு மலாவி, சூடான், ருவாண்டா. இந்தியாவை முதல் தடவை கவனித்தபோதே 2002-இல் வியட்நாமில் எல்ஜி கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். அவர் வேலை பார்த்த நாடுகளில் சம்பளமும் மைதானமும் நிர்வாகமும் எப்படியிருக்கும் என்று கால்பந்து தெரிந்த யாருக்கும் தெரியும். பெரிய கிளப்புகள் கூப்பிடாத, ஆனால் வேலையை விடவும் முடியாத ஒருவர் தேடிப் போகும் இடங்கள் அவை.

2015 ஜனவரியில் அவரை மறுபடியும் இந்திய அணிக்கு நியமித்தபோது, பெரிய கிளப் எதிலும் ஆடாதவர் நமக்கு என்ன கற்றுத் தரப் போகிறார் என்று எழுதினேன். அவர் எப்படிப் பயிற்சி கொடுப்பார், ருவாண்டாவில் என்ன செய்தார், எந்த வயது ஆட்டக்காரர்களை நம்புகிறார் என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. அவருடைய பழைய கிளப்புகளின் பெயர்களைப் பார்த்தேன், கேள்விப்பட்ட பெயராக ஒன்றும் இல்லை, அதையே குற்றமாக்கிவிட்டேன்.

அந்த மார்ச்சில் ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 173-ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தது. ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பெங்களூருவில் ஓமனிடம் 1-2 தோல்வி. ஐந்து நாள் கழித்து குவாம் தீவில் மறுபடியும் 1-2. நம்மூர் மாவட்டத் தலைநகர் ஒன்றின் ஜனத்தொகை கூட இல்லாத தீவிடம் தோற்றோம் என்று எழுதினேன். அந்த வாக்கியம் நன்றாக எடுபட்டது, பலர் எடுத்துச் சொன்னார்கள். ஆனால் குவாம் அமெரிக்க ஆட்சிப்பகுதி. அந்த அணியில் பலர் அமெரிக்காவிலேயே கால்பந்து கற்று வளர்ந்தவர்கள், அங்கே மேஜர் லீக்கில் ஆடியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த கேரி வைட்டும் ஓர் ஆங்கிலேயர்தான். எழுதும்போதே இதெல்லாம் எனக்குத் தெரியும். சேர்த்தால் கேலி நீர்த்துப்போகும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு காற்று மாறியது. 2016 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் ஆப்கானிஸ்தானை 2-1 என்று கூடுதல் நேரத்தில் வென்று தெற்காசியக் கோப்பை. அந்த ஆண்டு ஜூனிலிருந்து 2018 மார்ச் வரை இந்தியா ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 2017 ஜூலையில் தரவரிசையில் 96. அக்டோபர் 11-ஆம் தேதி பெங்களூருவில் மக்காவ் அணியை 4-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி. உடனே அவர் என் பத்தியில் இந்தியக் கால்பந்தின் தலையெழுத்தை மாற்றியவர் ஆகிவிட்டார். அந்த ஏற்றத்தில் லாவோசும் மியான்மரும் மக்காவும் எதிரணிகளாக இருந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. இறங்கியபோது எதிரணியின் பலத்தை மறைத்தேன், ஏறியபோது எதிரணியின் பலவீனத்தை மறைத்தேன். இரண்டும் ஒரே அயோக்கியத்தனம்தான்.

2019 ஜனவரி 6-ஆம் தேதி அபுதாபியில் தாய்லாந்தை 4-1 என்று அடித்தோம். ஆசியக் கோப்பையில் 1964-க்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி. சேத்ரி இரண்டு, அனிருத் தாபா ஒன்று, ஜெஜே ஒன்று. தாபாவும் ஜெஜேவும் சென்னையின் அணிக்காரர்கள் என்பதால் எங்கள் பக்கத்தில் கூடுதல் இடம் கிடைத்தது. மறுநாளே தாய்லாந்து தன் பயிற்சியாளர் மிலோவன் ராயெவாட்ஸை வீட்டுக்கு அனுப்பியது. யுகோஸ்லாவியக் காலத்தில் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். 2010 உலகக் கோப்பையில் கானாவைக் காலிறுதி வரை கூட்டிப்போனவர். அந்தக் காலிறுதியில் கானாவின் ஜியான் அடித்த பெனால்டி மட்டும் குறுக்குக் கம்பத்தில் மோதாமல் போயிருந்தால், அரையிறுதி கண்ட முதல் ஆப்பிரிக்க அணியின் பயிற்சியாளர் என்று வரலாற்றில் நின்றிருப்பார். அவரை நான் நாலு வரிப் பெட்டிச் செய்தியில் முடித்தேன். ‘துரத்தப்பட்டார்’ என்று தலைப்பு வைத்தேன்.

எட்டு நாள் கழித்து, ஜனவரி 14. ஷார்ஜாவில் பஹ்ரைனோடு கடைசி பிரிவு ஆட்டம். நம் நேரப்படி இரவு ஒன்பதரைக்குத் தொடக்கம். டிரா ஆனால் போதும், பிரிவில் இரண்டாமிடம். இந்தியா ஆசியக் கோப்பையில் அதுவரை நாக் அவுட் சுற்றைப் பார்த்ததே இல்லை. சிட்டி எடிஷனுக்காகப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டெஸ்க்கில் எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். எண்பதாவது நிமிடத்தில் 0-0. செய்தியை எழுதி முடித்துவிட்டேன். தலைப்பும் போட்டாயிற்று. கான்ஸ்டன்டைன் பொறுமையாகத் திட்டம் போட்டார், தற்காப்பை இறுக்கிக் கட்டினார், உணர்ச்சிவசப்படாமல் ஒரு புள்ளிக்கு ஆடினார், அந்த முதிர்ச்சிதான் வரலாற்றைக் கொடுத்தது என்று முதல் பத்தி.

90 நிமிடம் முடிந்து இஞ்சுரி டைம். அன்று கேப்டனாக இருந்த பிரணய் ஹால்தர் பெட்டிக்குள் ஒரு ஃபவுல் செய்தார். ஜமால் ராஷித் பெனால்டியைப் போட்டார். 0-1. இந்தியா பிரிவில் கடைசி இடம், வெளியே.

“என்னப்பா, மாத்திடுறியா? பத்து நிமிஷம்தான் இருக்கு” என்றார் டெஸ்க்கில் இருந்த மூத்தவர்.

“தரேன் சார்.”

பத்து நிமிடம் கூட ஆகவில்லை. புதிதாக ஒன்றும் எழுத வேண்டியிருக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. பத்தி பத்தியாக அப்படியே வைத்துக்கொண்டேன். பொறுமை என்ற இடத்தில் பயம் என்று போட்டேன். முதிர்ச்சியைக் கோழைத்தனம் ஆக்கினேன். ஒரு புள்ளிக்கு ஆடினார் என்பதை எடுக்கவேயில்லை, அதற்கு முன்னால் ‘வெறும்’ என்று ஒன்று சேர்த்தேன், அவ்வளவுதான். தொண்ணூறு நிமிடம் கண்ணால் பார்த்த ஆட்டம் அதேதான். பாராட்டாக எழுதியது எதுவோ அதுவே குற்றப்பத்திரிகை ஆனது. ஆட்டம் முடிந்து செய்தியாளர் சந்திப்பில் அவர் ராஜினாமாவை அறிவித்தார். ‘வேறு வழியில்லை’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். ஹால்தரைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அதை இங்கே திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் செய்தியில் அனஸ் எடத்தொடிகா இல்லை. நடுத் தற்காப்பில் ஜிங்கனுக்குத் துணையாக நின்றவர் அனஸ். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே காயம்பட்டு வெளியேறினார். ஒரு டிராவுக்காகக் கட்டிய தற்காப்பில் நடுத்தூணே தொடக்கத்தில் போய்விட்டது. ஒரு மாற்று ஆட்டக்காரரையும் அங்கேயே செலவழிக்க வேண்டி வந்தது. அப்படியும் தொண்ணூறு நிமிடம் அந்தத் தற்காப்பு நின்றது, கோல்கீப்பர் குர்பிரீத் பந்து பந்தாகத் தடுத்தார். மலப்புறத்துக்காரரான அனஸ் மறுநாளே சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு என்று அறிவித்தார். பயிற்சியாளரை எடைபோட வேண்டுமென்றால் அந்த ஒரு விஷயத்திலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். நான் எழுதிய இரண்டு வடிவத்திலும் அனஸ் பெயர் கிடையாது. ஊரடங்குக் காலத்தில் அந்த ஆட்டத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தபோதுதான் இது எனக்கே தெரிந்தது.

கான்ஸ்டன்டைன் மேல் விமர்சனமே கூடாது என்று சொல்லவில்லை. அவருடைய அணி பந்தைக் காலில் வைத்து ஆடவில்லை, நீளமாகத் தூக்கிப் போட்டு ஓடியது என்று சொன்னவர்கள் ஆட்டத்தைப் பார்த்துச் சொன்னார்கள். அவர்களில் சிலர் தாய்லாந்தை வென்ற மறுநாளும் அதையே சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. நான் தாய்லாந்தோடு ஆடியபோது அந்த நீளப் பந்தை ‘நேரடி ஆட்டம்’ என்று கொண்டாடிவிட்டு, பஹ்ரைனோடு ஆடியபோது ‘பழைய பஞ்சாங்கம்’ என்றேன்.

இதை அவசரத்தில் நேர்ந்த பிழை, பத்திரிகைத் தொழிலின் கெடுபிடி என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது காரணமில்லை. இதே அவசரத்தில் உள்ளூர் ஆட்களைப் பற்றி எழுதும்போது என் கை எவ்வளவு நிதானமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாவட்ட லீக் நடக்காத ஆண்டுகள் உண்டு. வயதுச் சான்றிதழில் இரண்டு மூன்று வயது குறைத்துக்கொண்டு வரும் பையன்களை ஊரே அறியும். மைதானத்தைப் பொருட்காட்சிக்கு விட்டுவிட்டுப் புல் போனபின் ஆட்டத்துக்குத் தருவார்கள். இவற்றைப் பற்றி நான் எழுதியது சொற்பம். எழுதிய ஒன்றிரண்டும் பட்டும் படாமலும்தான். ஒரு தடவை சற்றுக் கடுமையாக எழுதியதற்குச் சங்கத்து நிர்வாகி ஒருவர் காலையிலேயே போன் செய்தார். “தம்பி, நம்ம ஆளுங்களைப் பத்தி நீயே இப்படி எழுதலாமா?” என்றார். கோபமே இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. அவர்களை நாளைக்கும் பார்க்க வேண்டும், கல்யாணங்களில் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுப் பயிற்சியாளரிடம் இந்தத் தொல்லை கிடையாது. ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுவார். போன் செய்ய மாட்டார். முக்கியமாக, நான் எழுதியதைப் படிக்கவே மாட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற ஒரே தைரியத்தில் எழுதிய வரிகள் எத்தனையோ. இங்கிலீஷில் என்றால் அவற்றை எழுதியிருக்க மாட்டேன். முதுகுக்குப் பின்னால் பேசுவது தப்பென்று சின்ன வயதில் வீட்டில் கற்றுக்கொண்டவன்தான் நான்.

இதை எனக்குப் புரியவைத்தவர் சென்னை லீக்கில் ஓர் அலுவலக அணிக்கு ஆடிய முன்னாள் ஆட்டக்காரர். நல்ல நடுக்களத்துக்காரர். கொஞ்ச காலம் கொல்கத்தாவில் தொழில்முறையாகவும் ஆடினார். பிறகு பயிற்சியாளர் உரிமம் எடுத்து மாலத்தீவுக்குப் போனார், மாலேயில் ஒரு கிளப். ஒரு சீசன் நன்றாகப் போனது, அடுத்ததில் அடுத்தடுத்துத் தோல்வி, பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். இப்போது வடசென்னையில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். ஒரு சாயங்காலம் அவரைப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். பேட்டி முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவராகச் சொன்னார்.

“கடைசி வாரம் சார். காலைல டீ குடிக்கப் போறேன், கடைல பேப்பர் கிடக்கு. என் போட்டோ பெருசா போட்டிருக்கான். கீழ முழுக்க எழுதியிருக்கு. அவங்க எழுத்து வலப்பக்கத்துலேர்ந்து ஓடும் இல்லையா, எங்க ஆரம்பிக்குதுன்னுகூட எனக்குத் தெரியல. கடைப் பையன் எனக்கு நல்லா பழக்கம். என்னடா போட்டிருக்குன்னு கேட்டேன். பேப்பரை மடிச்சு உள்ள வெச்சுட்டு, ஒண்ணும் இல்ல கோச், மேட்ச் நியூஸ்தான்னான். அந்த டீக்கு அன்னிக்குக் காசு வாங்கல சார்.”

கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க கான்ஸ்டன்டைனைப் பத்தி எழுதுனதெல்லாம் படிச்சிருக்கேன். அவர் ப்ராக்டிஸ் ஒரு நாளாவது பார்த்தீங்களா?” என்று கேட்டார். குத்திக்காட்டும் தொனியே இல்லை. அவருக்கு உண்மையிலேயே அந்த ஆள் எப்படிப் பயிற்சி கொடுப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசை. நான் பார்த்ததில்லை. கிளம்பிப் போகாமலே விட்டேன், யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத்தான் அத்தனை காலம் எழுதியிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். “சான்ஸ் கிடைக்கல” என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பழைய நறுக்குகளை எடுத்துப் பார்த்தேன். கான்ஸ்டன்டைன் மட்டுமில்லை. இங்கிலாந்து அணிக்கே ஆடி, ஆஸ்டன் வில்லாவுக்கு மேலாளராக இருந்துவிட்டுச் சென்னையின் அணிக்கு வந்த ஜான் கிரிகரி, 2018 மார்ச்சில் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்று ஐஎஸ்எல் கோப்பை வாங்கித் தந்தார். அடுத்த சீசனில் அதே மனிதர், ஏறக்குறைய அதே அணி, கடைசி இடம். முதல் சீசனில் அவருடைய வயது என் எழுத்தில் அனுபவம். இரண்டாவது சீசனில் அதே வயதைக் காட்டி, காலம் கடந்தவர் என்று எழுதியிருக்கிறேன். கான்ஸ்டன்டைனுக்குப் பின் 1998 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு மூன்றாமிடம் வாங்கித் தந்த அணியில் ஆடிய இகோர் ஸ்டிமாட்ஸ் வந்தபோது, பெயரைக் கண்டே மயங்கிவிட்டேன். 2019 செப்டம்பர் 10-ஆம் தேதி தோஹாவில் ஆசிய சாம்பியன் கத்தாரோடு 0-0. ஆட்டம் முழுக்க நம் பெட்டியைச் சுற்றியே நடந்தது, குர்பிரீத் காப்பாற்றினார். சரித்திரம் என்று எழுதினேன், ஸ்டிமாட்ஸின் துணிச்சல் என்று எழுதினேன். ஷார்ஜாவில் கோழைத்தனம் என்று எழுதி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. 2024 ஜனவரியில் அதே ஸ்டிமாட்ஸின் அணி கத்தாரில் ஆசியக் கோப்பையின் மூன்று ஆட்டத்திலும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றது. அப்போது அவரைப் பற்றி நான் எழுதியதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அதற்குச் சில மாதம் முன்னால், 2023 அக்டோபர் 17-ஆம் தேதி, இஸ்லாமாபாத்தில் பாகிஸ்தான் 1-0 என்று கம்போடியாவை வென்றது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பாகிஸ்தானுக்கு அதுதான் முதல் வெற்றி. பயிற்சியாளர் கான்ஸ்டன்டைன். அறுபது வயதைத் தாண்டி, வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில் அதைச் செய்தார். செய்தி நிறுவனத்திலிருந்து வந்த தகவல் என் மேசையில்தான் இருந்தது. நியாயமாக அன்று எழுதியிருக்க வேண்டும். அவரைப் பற்றிப் பழையதையும் சேர்த்துச் சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடைத்திருக்காது. பக்கத்தில் இடமில்லை என்று மூன்று வரியாகச் சுருக்கினேன், அவர் பெயரைக்கூடச் சேர்க்கவில்லை. இடம் இருந்தது.

2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனார். பல ஆண்டு கழித்து நம் ஆள் ஒருவர். ஐஸால் கிளப்பைக் கூட்டிவந்து 2017-இல் ஐ லீக் கோப்பையை வாங்கியவர், எனக்கும் பிடித்தவர். அக்டோபரில் கோவாவின் மட்காவ் நகரில் சிங்கப்பூரிடம் 1-2 தோற்று அடுத்த ஆசியக் கோப்பை வாய்ப்பு கைவிட்டுப் போனது. நவம்பர் 18-ஆம் தேதி டாக்காவில் பங்களாதேஷிடம் 0-1, இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர்களிடம் முதல் தோல்வி. அன்றிரவு எழுத உட்கார்ந்தபோது என் கை தானாகவே காரணம் தேடியது. நாட்டில் லீக் அமைப்பே குலைந்து கிடக்கிறது என்று எழுதினேன். பயிற்சி முகாமுக்குப் போதுமான நாள் கொடுக்கவில்லை என்று எழுதினேன். கிளப்புகளில் கோல் அடிக்கும் இடங்களை வெளிநாட்டு ஆட்டக்காரர்களே நிரப்பிவிடுவதால் இந்திய முன்களத்துக்கு ஆள் வளரவில்லை என்றும் எழுதினேன். மூன்றும் உண்மை. 2015 ஜூனில் குவாமில் தோற்றபோது, இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும் ஐஎஸ்எல் ஒரு பக்கம், ஐ லீக் இன்னொரு பக்கம் என்று ஆட்டக்காரர்கள் அலைந்துகொண்டிருந்த அந்த ஆண்டில், இந்த மூன்றும் இதே அளவுக்கு உண்மையாக இருந்தன. அன்றைய நறுக்கை எடுத்துப் பார்த்தேன். ஒன்றைக்கூட எழுதவில்லை.